அட்டையில் சிவப்புப் பொட்டு

புரட்டாசிக் கடைசியில் காங்கேயம் பக்கத்து வானத்தை யாரும் நம்புவதில்லை. விடியும்போது வெள்ளை வேட்டியைக் காயப்போடலாம் போலத் தெளிந்து கிடக்கும். பொழுது உச்சிக்கு ஏறுவதற்குள் சென்னிமலைத் திக்கில் ஒரு முறம் அகலத்துக்குக் கறுத்துவிடும். தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாதம் முழுக்கக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கும். இரண்டாக உடைத்துப் போட்ட தேங்காய்கள் சிமிட்டித் தரை நெடுக வாயைத் திறந்துகொண்டு வெயில் குடிக்கும். நாலு தூறல் விழுந்தால் போதும், காய்கிற தேங்காய்ப் பருப்பில் பூசணம் ஏறிவிடும். பூசணம் ஏறிய பருப்பு சிவப்பு மூட்டைக்குப் போய்விடும்.

பாலுசாமி வானத்தை மட்டுமல்ல, எதையுமே சட்டென்று நம்புகிற ஆள் கிடையாது. கடையில் டீ போடும்போது எட்டிப் பாலைப் பார்ப்பார். காரமடையில் கட்டிக்கொடுத்த மகள் சண்முகப்பிரியா போன் பண்ணி, "நல்லா இருக்கறனுங்ப்பா" என்றால், "ஏன் கண்ணு அப்படிச் சொல்ற?" என்று கேட்பார்.

முப்பது வருசமாக அந்தக் களத்தில் தேங்காய் உடைக்கிறவர். இடது கையில் காயை ஏந்தி வலது கை அரிவாளால் ஒரே போடு. தண்ணீர் தெறித்து, காய் இரண்டாகிக் காலடியில் விழும். அரிவாள் விழும் சத்தத்தை வைத்தே அது யாருடைய கை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அவருடையது 'டக்' என்று ஒற்றைச் சத்தம். மேஸ்திரி கதிர்வேல் உடைத்தால் இரண்டு சத்தம் வரும். முதல் போடு காயில் பாதிதான் இறங்கும்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னால் சாந்தாமணி ஸ்கூட்டரில் வந்து களத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் பிரசருக்கும் மாத்திரை கொடுத்து, விரலில் குத்திப் பார்த்து எழுதிக்கொள்கிற வேலை அவளுக்கு. வீட்டில் ஆள் அகப்படாவிட்டால் வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிடுவாள். கதிர்வேலின் தம்பி பெண்டாட்டி. அந்த உறவு ஒன்றே பாலுசாமிக்கு அவளைச் சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது.

"ஏனுங்ணா, அருவாளை வெச்சுப்போட்டு சித்த இப்படி வாங்க. விரலை நீட்டுங்க."

"போன தடவை ரத்தம் எடுத்தயே அம்மணி, அதை என்ன பண்ணுன?"

"கொழம்பு வெச்சேன்."

நிழலில் உட்கார்ந்து பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தியாகப் பாலுசாமியின் மனைவி ராசாத்தாளும் சிரித்தாள். பாலுசாமி சிரிக்கவில்லை. விரலைக் கொடுத்தார். கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்ணா. இதுல ஏமாத்த முடியாது. நூத்தி அறுபத்திநாலு. பீடி நிறுத்தியாச்சுங்ளா?"

"அது எப்பவோ நிறுத்தியாச்சு."

"காதுல சொருகி இருக்கறது?"

அவர் காதைத் தொட்டுப் பார்த்து, பீடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அது சும்மா இருக்குது. நீ உன்ற சோலியைப் பாரு."

சாந்தாமணி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு விரலை மேலிருந்தும் இன்னொரு விரலைப் பக்கத்திலிருந்தும் நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"பாருங்க. வயசு அம்பத்தெட்டு. சர்க்கரை ஒம்பது வருசமா இருக்குது. பீடி உண்டு. பிரசரு இவ்வளவு. ரெண்டு விரலும் எங்க வந்து முட்டுதுன்னு நீங்களே பாருங்க."

சிவப்பில் முட்டியது. அவள் பாலுசாமியின் மருந்து அட்டையை வாங்கி அதன் மூலையில் வட்டமாக ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

"ஆம்பளைக்குப் பொட்டு வெக்கறயா?"

"நர்சம்மா நஃபீசாவோட ரோசனைங்க இது. நாங்க பதியற போன்ல சர்க்கரையும் பிரசரும் மட்டுந்தான் ஏறும். பொட்டு இருந்தா அட்டையைப் பாத்த உடனே அவிங்களுக்குத் தெரியும், யாருக்கு நெஞ்சுல எச்சா கவனம் ஓணும்னு. வியாழக்கிழமை எதுத்தாப்பல சமுதாயக்கூடத்துல சிவப்புக்காரங்களுக்கு ஈசிஜி எடுக்கறாங்க. வந்துருங்க. புதுசா ஒரு மாத்திரையும் எழுதியிருக்குது, கொழுப்புக்கு. ராத்திரி சோறுண்டுபோட்டு ஒண்ணு."

"எனக்குச் சர்க்கரைதான? நெஞ்சுக்கு என்ன வந்துது? கல்லாட்ட இருக்குது."

"சர்க்கரை இருக்கறவங்களுக்கு மொத பயமே நெஞ்சுதானுங்ணா. உள்ளுக்குள்ள குழாயை அரிச்சுக்கிட்டே இருக்கும். வந்த பொறகு தூக்கிட்டு ஓடறதுக்கு, வராமப் பாத்துக்கறது தேவலைங்களே."

"ஒண்ணுமில்லாதவனுக்கு மாத்திரை குடுத்தா அப்பறம் இல்லாதது வரும்."

அவள் ராசாத்தாள் பக்கம் போனாள். ராசாத்தாளுக்கும் ஆறு வருசமாகச் சர்க்கரை இருந்தது. வயது ஐம்பத்து மூன்று, பிரசர் கிடையாது, பீடி கிடையாது. அவள் அட்டையில் பச்சைப் பொட்டு விழுந்தது. "பச்சை. நீங்க பொழைச்சீங்கக்கா" என்று சாந்தாமணி சொன்னதும் ராசாத்தாள், "நான் எங்க சாமி பொழைக்கறது, இந்த மனுசனோட" என்றாள். மறுபடி சிரிப்பு.

போகிற வழியில் சாந்தாமணி எடைக்கல் பக்கத்தில் நின்றிருந்த கதிர்வேலிடம் ஏதோ சொன்னாள். கதிர்வேல் தலையை ஆட்டினான். பிறகு திரும்பி, உடைக்கிற குவியலையும் அதன் முன்னால் நின்ற பாலுசாமியையும் பார்த்தான். பாலுசாமிக்கு அடுத்த காய் கையில் வழுக்கியது.

களத்தில் மூட்டைக்கு மை அடிப்பார்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கிற பருப்பு மூட்டைக்குப் பச்சை மை. சுருங்கினது, பூசணம் பிடித்தது, காயாதது எல்லாம் சிவப்பு மை. பச்சை மூட்டை எண்ணெய் ஆட்ட மில்லுக்குப் போகும். சிவப்பு மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளி வைப்பார்கள். கேட்பார் யாராவது வந்தால் தள்ளிவிடுவார்கள். முப்பது வருசமாகச் சிவப்பு மூட்டை தள்ளி வைக்கப்படுவதைப் பார்த்தவருக்கு, தன் அட்டையில் சிவப்பு ஏறியதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ரசாக் கதை வேறு கண்முன்னால் இருந்தது. லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ரசாக். போன வருசம் நெஞ்சு வலி என்று கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், "நான் முன்னைக்கு இப்ப நல்லா இருக்கறனுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒரு மூட்டையைத் தொட விடவில்லை யாரும். "வேண்டாம் பாய், களத்துல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான் கதிர்வேல். இப்போது ரசாக் பஸ் நிறுத்தத்தில் இளநீர்க் குலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போகிற வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை பாலுசாமி அரிவாளைத் தீட்டிக்கொண்டு குவியலுக்கு வந்தபோது கதிர்வேல் முன்னால் நின்றான்.

"பாலுண்ணா, இன்னிக்கு நீங்க உடைக்க வேண்டாம். மழை வர்றாப்பல இருக்குது. புதுசா உடைச்சா காயாது. கெடக்கறதைப் பொரட்டி உடுங்க, போதும்."

"இந்தக் குவியலு?"

"அதை நான் பாத்துக்கறேன். கொஞ்சந்தான."

பாலுசாமி கையை இடுப்பில் வைத்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. பலகை வைத்த கோலை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போனார். காய்ந்த பருப்பு கொட்டாங்குச்சியைவிட்டுப் பிரிந்து, புரட்டும்போது கடகடவென்று பேசியது. பின்னால் அரிவாள் சத்தம் கேட்டது. டக், டக். டக், டக். கதிர்வேலின் கை. ஒவ்வொரு காய்க்கும் இரண்டு போடு. ஒவ்வொரு போடும் பாலுசாமியின் பிடரியில் விழுந்தது. நேற்று அவள் சொன்னாள், இன்றைக்கு இவன் செய்கிறான். நாளைக்கு 'ஊட்டுலயே இருங்ணா' என்பான். வியாழக்கிழமை அந்த மிசினில் போய்ப் படுத்தால் அதோடு சரி.

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். ராசாத்தாள் காலையிலேயே அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் களத்திலேயே பெண்களோடு சாப்பிட்டுக்கொள்வாள். பாலுசாமி தட்டில் போட்டுக்கொண்டு ஊறுகாய் ஜாடியைத் தேடினார், காணோம். சாந்தாமணி உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து ராசாத்தாள் ஜாடியை எங்கேயோ ஒளித்துவிட்டாள். அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது: இந்த வீட்டுக்குள் சாந்தாமணியின் ஆள் யார்?

ஆணியில் தொங்கிய மஞ்சப்பையில் இரண்டு அட்டைகளும் இருந்தன. எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல், மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். பஸ் பலகையைப் படிப்பார். சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பார். அச்சில் சின்ன எழுத்து என்றால் விரல் வைத்துத்தான் போக வேண்டும். இ... ரு... த... ய. இருதய நோய் ஆபத்து. அதற்கு நேராக அந்தச் சிவப்பு.

நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினார். அட்டையின் தோலைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பிறகு ராசாத்தாளின் பச்சையையும் எடுத்தார். இரண்டும் இரண்டு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதுகூட அவருக்கு ஒரு நிமிசம் இருந்தது, திருப்பி வைத்துவிடலாம். ஆனால் மனசு சமாதானம் சொன்னது: அவள் நிழலில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்குகிறவள். சிவப்பு இருந்தால் அவளை யார் என்ன சொல்லப் போகிறார்கள்? மிசினில் படுத்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஒன்றுமில்லாதவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் யாருக்கு நட்டம்?

பசை போய்விட்டதால் பொட்டு ஒட்டவில்லை. தட்டில் இருந்து இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கித் தடவி, பச்சையைத் தன் அட்டையிலும் சிவப்பை அவள் அட்டையிலும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சாதத்து மஞ்சள் ஓரத்தில் லேசாகக் கசிந்தது. வேட்டி முனையால் துடைத்தார். கொழுப்பு மாத்திரைப் பட்டையைப் பிரிக்காமல் ராகி டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ராசாத்தாள் மறுநாள் மஞ்சப்பையைத் தட்டிக்கொண்டே, "இதென்னுங்க, மாத்திரைப் பையில எறும்பு ஏறுது?" என்று கேட்டாள்.

"மாத்திரையில சக்கரை போட்டிருப்பாங்க. அதான் சொல்றேன், இவிங்களை நம்பாதே."

"சக்கரைக்காரனுக்குச் சக்கரை மாத்திரையா?" என்றாள் அவள். அட்டைகளை வெளியே எடுத்து ஊதினாள். இரண்டையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். 

புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தது மழை. சென்னிமலைத் திக்கை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காத தெற்கேயிருந்து ஏறியது. கதிர்வேல், "ஓடியாங்க, ஓடியாங்க, தார்ப்பாய்" என்று கத்தினான். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஆண்கள் தார்ப்பாயின் முனைகளைப் பிடித்து இழுக்க, பெண்கள் கூடையில் பருப்பை அள்ளிக் கொட்டகைக்குள் கொட்டினார்கள். முதல் துளி விழுந்தபோது பாதிக் களம் மூடியாகிவிட்டது. பாலுசாமி தார்ப்பாயின் மேல் கல்லைத் தூக்கி வைத்தபடி திரும்பிப் பார்த்தார். ராசாத்தாள் பாதி வழியில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். மழை அவள் மேலும் கூடைப் பருப்பின் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

"ஏ புள்ளை! எந்திரி! பருப்பு நனையுது!"

அவள் கையைக் காட்டினாள், இரு என்று. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

"ராசாத்தாக்கா நல்ல நேரம் பாத்து ஒக்காந்துட்டாங்க" என்று கதிர்வேல் சொன்னதும் பாலுசாமிக்கு முகம் சுண்டிப்போனது. போய்க் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேலைன்னா மட்டும் உனக்கு மூச்சு வாங்கும். மாரியம்மன் நோம்பிக்கு அடுத்த நாளும் லோடு ஏத்தற அன்னிக்குத்தான் வாந்தி, வேர்வை, தாடை வலின்னு படுத்த. அன்னிக்கும் எனக்குத் தெரியும்."

"என்னுங்க தெரியும்?" என்றாள் அவள், மெதுவாக. பிறகு எழுந்து, கொட்டகையை நோக்கி நடந்தாள். இரண்டு தடவை நின்று நின்று.

வியாழக்கிழமை வெயில் திரும்பியிருந்தது. சமுதாயக்கூடம் களத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். காலையிலேயே அங்கே ஒரு வேன் வந்து நின்றது. கதிர்வேல் பாலுசாமியைப் பார்த்து, "இன்னிக்கு உடைச்சுருங்ணா, நேத்தைய காயெல்லாம் நின்னுபோச்சு" என்றான். பாலுசாமிக்கு அதிலும் உள்நோக்கம் இருக்குமோ என்று பட்டது. ஆனாலும் அரிவாள் கையில் ஏறியதும் உடம்பு இலகுவாகிவிட்டது. டக். டக். டக்.

பத்து மணிக்குச் சாந்தாமணி ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"பாலுண்ணா, வாங்க. உங்க முறை வரப்போகுது."

"எனக்கெதுக்கு? எனக்குப் பச்சை."

"சிவப்புங்ணா. இந்த மரத்தடியில வெச்சுத்தான ஒட்டுனேன்?"

பாலுசாமி அன்றைக்கென்றே சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த அட்டையை எடுத்து நீட்டினார். சாந்தாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் உங்களுக்குச் சிவப்பு வெச்சதாத்தான் நெனப்பு."

"நெனப்பை வெச்சு வைத்தியம் பாப்பியா அம்மணி? அட்டையில என்ன இருக்குதோ அதைப் பாரு."

"ஒரே நாள்ல நாப்பது ஊடு பாத்தனுங்..." அவள் குரல் இறங்கியது.

நிழலில் இருந்து ராசாத்தாள் எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த தன் அட்டையை எடுத்தாள். "எனக்குத்தான் சாமி சிவப்பு. இங்க பாரு. நான் வாரேன், போலாம்."

சாந்தாமணி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். ராசாத்தாள் கணவரைப் பார்த்தாள். நீளமாக ஒன்றும் இல்லை, ஒரு பார்வைதான். பாலுசாமி குனிந்து அடுத்த காயை எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்களும் ரோட்டைத் தாண்டிப் போனார்கள்.

அரை மணியில் வந்துவிடுவாள் என்றிருந்தார். வரவில்லை. வேனுக்குப் பக்கத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். உள்ளே போன பங்காரம்மா திரும்பி வந்து பருப்பு பொறுக்க உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் போன இன்னும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். "ராசாத்தா எங்க?" என்று கேட்டதற்குப் பங்காரம்மா, "இருக்கச் சொல்லியிருக்காங்க. போன்ல படம் புடிச்சு டாக்டருக்கு அனுப்பியிருக்காங்களாமா" என்றாள். பாலுசாமியின் அரிவாள் முதல் முறையாக ஒரு காயில் பாதியோடு நின்றது. இரண்டாம் போடு போட வேண்டியதாயிற்று. அந்தச் சத்தம் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

சாந்தாமணி இந்த முறை ஓடி வந்தாள். "ணா, அருவாளை வெச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சமுதாயக்கூடத்தில் சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டு மறைப்பு கட்டியிருந்தார்கள். ராசாத்தாள் மறைப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீளமாக ஒரு தாள், அதில் கோடு ஏறி இறங்கி ஓடியது. நர்ஸ் நஃபீசா நடுவயதுக்காரி, கண்ணாடி போட்டவள், எழுந்து நின்றாள்.

"நீங்கதான் வீட்டுக்காரருங்களா? உக்காருங்க. பயப்படாதீங்க, இப்ப உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இவங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்குதுங்க. அஞ்சாறு மாசம் இருக்கும். கோடு அப்படித்தான் சொல்லுது, டாக்டரும் அதையேதான் சொன்னாரு."

"அட்டாக்கா? நெஞ்சே வலிக்கலையேங்க அவளுக்கு."

"சர்க்கரை இருக்கறவங்களுக்கு அப்படித்தாங்க வரும். நரம்பு மங்கிப்போயி வலி தெரியாது. மூச்சு வாங்கும், வேர்க்கும், வாந்தி வரும், தாடை இழுக்கும். ஏதோ வாயுன்னு விட்டுருவாங்க. உங்களுக்கு அந்த மாதிரி எப்பவாச்சும் இருந்துச்சாம்மா?"

"நோம்பிக்கு மறுநாளுங்க" என்றாள் ராசாத்தாள்.

பாலுசாமி சுவரைப் பார்த்தார். அன்றைக்கு வேண்டுமென்றே செம்பைச் சத்தமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனது ஞாபகம் வந்தது.

"வண்டிக்குச் சொல்லியிருக்கோம். கோயமுத்தூர் போயி இன்னும் சில டெஸ்ட் எடுக்கோணும்" என்ற நஃபீசா, கையிலிருந்த ராசாத்தாளின் அட்டையோடு சாந்தாமணி பக்கம் திரும்பினாள். "சாந்தாமணி, இவங்களுக்கு எப்படிச் சிவப்பு வெச்ச? வயசு, பிரசரு எல்லாம் பாத்தா அட்டவணையில பச்சைதான வருது?"

சாந்தாமணி அட்டையை எட்டிப் பார்த்தாள். "நான் மாத்தி ஒட்டிட்டனாட்ட இருக்குதுங் மேடம். நாப்பது ஊடு... கவனக்கொறைவுதானுங்."

"இந்த அம்மாவுக்கு அது நல்லதாப் போச்சு, சரி. இவங்ககிட்ட மூச்சு வாங்குதான்னு நானும் முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும், அது என்னோட தப்பு. ஆனா நீ மாத்தி ஒட்டுனீன்னா, இந்தச் சிவப்புக்குச் சொந்தக்காரரு யாரு? ஒரு ஆளு பச்சையை வெச்சுக்கிட்டு ஒண்ணுமில்லைன்னு எங்கயோ சுத்திக்கிட்டு இருக்காரு. வேன் இன்னிக்குப் போனா அடுத்து எப்ப வரும்னு தெரியாது. நாப்பது ஊட்டுல எந்த ஊடு? சொல்லு. இனி உன்னை நம்பி எப்படி நான் இந்த வேலையைக் குடுக்கறது?"

சாந்தாமணியின் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவில்லை. பாலுசாமி அவளைப் பார்த்தார். இவள் போட்டுக் கொடுக்கிறாள், இவள் மேஸ்திரியின் ஆள் என்று எத்தனை நாளாக அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவள் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். சும்மா இருந்தால் போதும். அட்டை சட்டைப் பையில் இருக்கிறது, பச்சைப் பொட்டோடு. யாரும் கேட்கப் போவதில்லை. களத்தில் அவருடைய குவியல் அப்படியே இருக்கும்.

"அந்தப் புள்ளை மேல தப்பில்லைங்க" என்றார்.  "பொட்டு ஓரத்துல பாருங்க. மஞ்சளா இருக்கும். சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டுனது நானுங்க. சிவப்பு என்னுதுங்க."

நஃபீசா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"சிவப்புன்னா தள்ளி வெச்சுருவாங்கன்னு..."  ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக அடுக்கியிருந்த மூட்டைகள் ஜன்னல் வழியாகத் தெரிந்தன.

"ஏனுங்ணா," சாந்தாமணி மூக்கை உறிஞ்சினாள். "நான் கதிர்வேல் அத்தான்கிட்ட அன்னிக்கு என்ன சொன்னேன் தெரியுமுங்ளா? உங்களை உச்சி வெயில்ல நிக்க உடாதீங்க, நடுவுல தண்ணி குடிக்கச் சொல்லுங்கன்னு. அவ்வளவுதான் சொன்னேன்."

பாலுசாமி ராசாத்தாளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். தேங்காய்த் தண்ணீர் காய்ந்த கை பிசுபிசுத்தது. அதை அவள் மேல் வைக்கலாமா என்று தெரியாமல் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டார்.

"ராசாத்தா, நாந்தான் உனக்கு..."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"எறும்பு ஏறுன அன்னிக்கே தெரியும். நம்ம ஊட்டு அரிசிம்பருப்பு வாசம் எனக்குத் தெரியாதுங்ளா? சாந்தாமணி எதுக்கு அதுல பொட்டு ஒட்டறா?"

"தெரிஞ்சுமா வந்த?"

அவள் மடியிலிருந்த தாளைச் சுருட்டினாள். மூச்சு விட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"உங்களை இழுத்தாலும் வரமாட்டீங்க. மிசின்ல என்ன பண்ணுவாங்களோ, ஏது பண்ணுவாங்களோன்னு பயந்துபோயி இருந்தீங்க. சரி, நான் போயி மொதல்ல படுத்துப் பாத்துட்டு வந்து சொன்னா, அப்பறம் தைரியமா வருவீங்கன்னு வந்தேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா." சுருட்டிய தாளை மடியில் வைத்தாள். "ஒண்ணும் பண்ணலீங்க. நெஞ்சுல, காலுல, கையில மாட்டறாங்க. சில்லுனு இருக்கும். அவ்வளவுதான். வண்டி வர்றதுக்குள்ள போயிப் படுங்க."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நான் இங்க படுத்துக்கிட்டு..."

"படுங்கன்னா. ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம்."

பாலுசாமி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையையும் காதுக்குப் போகாமல் அங்கேயே கிடந்த பீடியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். மறைப்புக்குள் கட்டிலில் படுத்தபோது தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. நஃபீசா மார்பில் ஏதோ தடவி ஒவ்வொன்றாக மாட்டினாள். ராசாத்தாள் சொன்னது சரிதான். சில்லென்று இருந்தது.

"அசையாம இருங்க. பேச வேண்டாம்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் களத்தில் யாரோ அவருடைய குவியலில் காய் உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒற்றைப் போடா, இரட்டைப் போடா என்று கேட்க அவருடைய காது போகவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருக்கிறவளின் மூச்சு மேலே ஏறி இறங்குவதை, ஒவ்வொன்றாக, கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.